டன் கணக்கில் வராத துறைமுகம்

தூத்துக்குடியில் ஒரு காலத்தில் இரண்டு துறைமுகங்கள் இருந்தன. 1974 ஜூலை 11ஆம் தேதி நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதுத் துறைமுகம் முயல் தீவுப் பக்கம் இருந்தது. பழைய துறைமுகம் பீச் ரோட்டை ஒட்டி இருந்தது. 1979 ஏப்ரல் 1ஆம் தேதிதான் இரண்டும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன. அதற்குச் சற்று முன்புதான் பீச் ரோட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வார்ஃப் கிளார்க்காகச் சேர்ந்தேன். கிளார்க் என்று பேர். நாற்காலியில் உட்கார நேரம் இருக்காது. காலையில் கஸ்டம்ஸ் ஆபீசில் காகிதம், பகலில் குடோனில் சரக்கு, இரவில் கப்பலடியில் டாலி. பின்னாளில் சொந்தமாக லைசென்ஸ் எடுத்துத் தொழில் நடத்தினேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இதே வேலைதான்.

துறைமுகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் டன்னில்தான் பேசுகிறார்கள். எங்கள் துறைமுகம் 2023-24ஆம் ஆண்டில் 4 கோடி டன்னைத் தாண்டியது. செய்தி படித்தபோது எனக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் துறைமுகத்துக்குள் வரும் சரக்கால் ஊருக்குள் எத்தனை அடுப்பு எரிகிறது என்பது அந்த எண்ணில் இல்லை. எந்தச் சரக்கு எத்தனை கை மாறிப் போகிறது என்று பார்த்தவனுக்கு அந்தக் கணக்கு வேறு மாதிரி தெரியும். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பழைய துறைமுகம் முழுக்கத் தோணிதான். ஊர் ஓடாவிகள் மரத்தில் கட்டிய தோணிகள்; இருநூறு, முந்நூறு டன் ஏற்றும். நான் சேர்ந்த காலத்தில் பாய் விரித்து ஓடிய தோணிகளைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஒவ்வொன்றாக இன்ஜின் ஏறியது. கொழும்புக்கும் மாலத்தீவின் மாலேக்கும் ஓட்டம். மாலேயில் கல் கிடையாது, காய்கறி விளைய நிலம் கிடையாது. அவர்கள் வீடு கட்டும் ஜல்லியும் செங்கல்லும், சமைக்கும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் இங்கிருந்துதான் போயின. திரும்பும்போது பெரும்பாலும் வெறும் தோணி. கிடைத்தால் பழைய இரும்பு.

தோணிக்குத் தலைவர் தண்டல். சரக்கு ஏற்றுவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் திரேஸ்புரத்து முதிய தண்டல் ஒருவர். கனமான கல் அடியில் நடுவாக இருக்க வேண்டும், முன்னும் பின்னும் எடை ஒத்துவர வேண்டும், வெங்காயம் கடைசியில் காற்றுப் படுகிற இடத்தில் ஏற வேண்டும். “அமுக்கி வைக்காதிங்கடே, மாலே போறதுக்குள்ள பாதி அழுகிரும். அங்க உள்ள யாவாரி மூட்டையை மோந்து பாத்துதான் துட்டு குடுப்பான்” என்று ஏற்றுகிறவர்களிடம் சத்தம் போடுவார். பில்லில் எழுதியிருக்கும் எடையை எவரும் மாலேயில் நம்பமாட்டார்கள். தண்டலின் வார்த்தையை நம்புவார்கள். ஒரே வியாபாரி ஒரே தண்டலிடம் தலைமுறையாகச் சரக்கு அனுப்பியதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நடுவில் ஒப்பந்தம் என்று ஒரு தாள்கூடக் கிடையாது.

ஒரு தோணிச் சரக்கு எத்தனை பேரைத் தொடும் என்று எண்ணிப் பாருங்கள். திண்டுக்கல் சந்தையில் மூட்டை பிடிப்பவர், லாரிக்காரர், குடோனில் தரம் பிரிக்கும் பெண்கள், சாக்கு தைப்பவர், சுமைக்காரர்கள், தோணி ஆட்கள், அவர்களுக்கு அரிசியும் தண்ணீரும் ஏற்றித்தரும் கடைக்காரர். தென்மேற்குப் பருவம் கடலைக் கலக்கும் மாதங்களில் மாலே ஓட்டம் நிற்கும். அப்போது ஓடாவிக்கு வேலை. பலகை மாற்றுவதும் இடுக்கில் பஞ்சு திணிப்பதும் அந்த மாதங்களில்தான். தோணி ஆட்கள் வீட்டில் அதே மாதங்கள் கடன் மாதங்கள். மளிகைக் கடையில் கணக்கு எழுதி வாங்கி, ஓட்டம் தொடங்கியதும் அடைப்பார்கள். மட்டக்கடைப் பக்கம் கடை வைத்திருந்தவர்களுக்குக் கடல் எப்போது திறக்கும் என்பது எங்களைவிட நன்றாகத் தெரியும்.

வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்தப் பழைய துறைமுகத்திலிருந்துதான். அந்தக் காலத்தில் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. ஆழம் போதாமல் மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகுகள்தான் சரக்கையும் ஆளையும் கொண்டு சேர்க்கும். புதுத் துறைமுகம் அந்த நிலையை மாற்றியது. கடலுக்குள் ஏறத்தாழ நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு கல் கரைகளைக் கொட்டி, நடுவில் ஆழம் தோண்டி, எந்தப் பருவத்திலும் கப்பல் அணைகிற மாதிரி செய்தார்கள். லாரி நேராகக் கப்பலடிக்குப் போனது. துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்தது 2011இல்.

புதுத் துறைமுகத்துக்கு டன் சேர்த்துக் கொடுத்தது நிலக்கரி. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979இல் ஓடத் தொடங்கியது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்து மொத்தம் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. ஹால்டியாவிலிருந்தும் பாரதீப்பிலிருந்தும் நிலக்கரிக் கப்பல்கள் வரிசையாக வரும். கப்பலிலிருந்து கன்வேயர் பெல்ட்டில் ஏறி மின் நிலையத்துக்கே போய்விடும். பல்லாயிரம் டன் இறங்கிப் போவது ஊர்க் கடைத்தெருவுக்குத் தெரியவே தெரியாது. நான் குறை சொல்லவில்லை. அந்த மின்சாரம் தென்மாவட்ட மில்களை ஓட்டியது. ஆனால் துறைமுகத்தின் வளர்ச்சியை நிலக்கரியை வைத்தே அளந்தால், கை நிறைய வேலை கொடுக்கும் சரக்குகள் எல்லாம் தாளின் அடியில் சின்ன எழுத்தில் போய்விடும்.

முந்திரி அப்படிப்பட்ட சரக்கு. தான்சானியா, ஐவரி கோஸ்ட், கினி-பிசாவு பக்கமிருந்து கொட்டை முந்திரி சாக்கில் வரும். கொல்லத்துக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் போக வேண்டிய சரக்கு. கப்பலின் அறைக்குள் சுமைக்காரர் கேங் இறங்கி, மூட்டைகளை வலைக்குள் அடுக்கி, கிரேன் தூக்கி, லாரியில் இறக்க வேண்டும். கொக்கி போட்டால் சாக்கு கிழியும். ‘நோ ஹுக்’ என்று கத்திக்கொண்டே இருப்போம். சிந்திய கொட்டையைப் பெருக்கி அள்ளி மறுபடி சாக்கில் பிடிக்கத் தனியாகப் பெண்கள் வருவார்கள்.

முந்திரியில் எடையைவிடப் பெரிய விஷயம் பருப்பு. 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பதுதான் விலை. சாம்பிள் எடுத்து அறுத்துப் பார்ப்பார்கள். 48 பவுண்டு என்று பேசி வந்த சரக்கு 46 காட்டினால், முழுக் கப்பலுக்கும் சேர்த்து லட்சக்கணக்கில் போகும். அதனால் சாம்பிள் எடுக்கிற நேரத்தில் நான் வேறு வேலைக்குப் போனதே இல்லை. மேல் வரிசை மூட்டை மட்டும் பார்த்தால் போதாது. கப்பலின் பக்கச் சுவரை ஒட்டிய மூட்டைகள் வேர்த்து ஈரமேறியிருக்கும். அடி வரிசை, சுவர் வரிசை, நடு வரிசை என்று கலந்து எடுக்க வைக்க வேண்டும். வாங்குகிறவர் விற்கிறவர் இருவருக்கும் நியாயமான சாம்பிள் என்று ஒருமுறை பேர் வாங்கிவிட்டால், அதற்குப் பிறகு பார்ட்டியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஓர் ஐப்பசி அடைமழையில் முந்திரிக் கப்பல் ஒன்று மூடிய கதவோடு நாள் கணக்கில் நின்றது. மழையில் அறையைத் திறந்தால் முழுச் சரக்கும் போகும். கொல்லத்து முதலாளி தினமும் போன் செய்தார். கப்பல் வாடகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. “தொழிற்சாலையில் கொட்டை தீர்ந்துபோச்சு. அந்தப் பெண்களுக்கு வேலை கொடுக்க முடியலை, அண்ணாச்சி. அதுதான் உறக்கம் வரலை” என்றார். தூத்துக்குடியில் ஒரு கப்பல் நின்றால் கேரளத்தில் தோல் உரிக்கிற பெண்ணின் வாரக்கூலி நிற்கிறது. துறைமுகத்தின் எல்லை மதில் சுவரோடு முடிவதில்லை என்று எனக்குப் புரிந்தது அந்த மழையில்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் எல்லாம் புரண்டது. அதுவரைக்கும் கன்டெய்னர் வந்துகொண்டுதான் இருந்தது. கப்பலின் சொந்தக் கிரேனில் தூக்குவார்கள். 1999 கடைசியில் ஏழாவது பெர்த்தில் தனியார் கன்டெய்னர் முனையம் ஓடத் தொடங்கியது. கரையில் நின்ற பெரிய கிரேன்களைப் பார்க்க ஊரே போனது. பல நாள் எடுத்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. திருப்பூர் பனியனும் கரூர் விரிப்பும் மொத்தமாக எங்கள் பக்கம் திரும்பின. ஊருக்கு வெளியே கன்டெய்னர் நிலையங்கள் முளைத்தன. டிரெய்லர், சர்வேயர், மெக்கானிக், ஃபார்வர்டிங் ஆபீஸ் என்று படித்த பிள்ளைகளுக்கு வேலை வந்தது.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. கப்பலடியில் மூட்டை தூக்கியவரின் வேலை போனது. கம்ப்யூட்டர் தெரிந்தவருக்கு வேலை வந்தது. போனவரும் வந்தவரும் ஒரே ஆள் இல்லை. தோளில் காய்ப்பு ஏறிய கேங்மேன் பலர் ஐம்பது வயதில் வாட்ச்மேன் வேலைக்கு அலைந்தார்கள். அவர்கள் பிள்ளைகளில் சிலர் டிரெய்லர் ஓட்டினார்கள், சிலர் எங்கள் ஆபீசில் பில் அடித்தார்கள். மாற்றம் வேண்டியதுதான். ஆனால் அந்த மாற்றத்தின் கணக்கை எழுதுகிறவர்கள் வரவை மட்டுமே எழுதினார்கள்.

கன்டெய்னரோடு கொழும்பும் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது. எங்கள் கால்வாயின் ஆழத்துக்குத் தாய்க்கப்பல் என்கிற பெரிய கப்பல் வராது. சின்னக் கப்பல் பெட்டிகளை ஓர் இரவில் கொழும்புக்குக் கொண்டுபோகும். அங்கே ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிற தாய்க்கப்பலில் மாற வேண்டும். எனவே எங்கள் நாள் முழுக்க ‘கட் ஆஃப்’ என்ற நேரத்தைச் சுற்றியே ஓடும். அதற்குள் பெட்டி கேட்டுக்குள் போக வேண்டும், கஸ்டம்ஸ் விட வேண்டும். திருப்பூரிலிருந்து சாயங்காலம் கிளம்பிய வண்டி விடியற்காலை மதுரை தாண்டி டயர் வெடித்து நின்றால், இங்கே எங்களுக்கு உயிர் போகும். சின்னக் கப்பல் தவறினால் கொழும்பில் தாய்க்கப்பல் தவறும், அடுத்த வாரம்தான். வெளிநாட்டுக் கடைக்காரர் ஒரு வாரம் பொறுக்கமாட்டார். விமானத்தில் அனுப்பு என்பார். விமானக் கூலி கொடுத்தால் அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் போய்விடும். இரவு ஷிப்ட் பார்த்து அந்தத் துணியைத் தைத்தவர்களின் போனஸ் அந்தக் கூலியில் கரைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டன் கணக்குக்கு நேர் எதிரான ஒரு சரக்கு எங்கள் ஊரில் இருக்கிறது. உலர் மலர். தாமரைக் காய், பருத்திக் காய் ஓடு, தென்னை மட்டைத் துண்டு, காட்டில் உதிரும் காய்கள், புல் கதிர்கள் எல்லாவற்றையும் காயவைத்து, வெளுத்து, சாயமேற்றி, வாசனை சேர்த்துப் பொட்டலம் கட்டி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புகிறார்கள். நாற்பது அடிப் பெட்டி வாய் வரை நிறைந்தாலும் எடை சில டன்தான். துறைமுகப் புள்ளிவிவரத்தில் அது தூசி. ஆனால் அந்த ஒரு பெட்டியை நிரப்பக் காட்டோரத்தில் பொறுக்குகிற குடும்பங்கள், வெயிலில் பரப்பிப் புரட்டும் பெண்கள், வண்ணம் பிரிப்பவர்கள், அட்டைப்பெட்டி செய்பவர்கள் என்று எத்தனை பேர்! தையல் மெஷினும் வேண்டாம், பெரிய மில்லும் வேண்டாம். முற்றமும் வெயிலும் இருந்தால் போதும். புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், காய் பிரிக்கும் வேலையில் தொடங்கிச் சொந்தமாகக் கூடம் வைத்துப் பத்துப் பெண்களுக்கு வேலை கொடுத்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். அவருடைய சரக்குக்குக் காகிதம் போடும்போது எனக்குத் தனி அக்கறை.

இந்தச் சரக்கு மென்மையானது. பூச்சி மருந்துப் புகை போட வேண்டும், தாவர நோய் இல்லை என்ற சான்று வேண்டும், பெட்டிக்குள் ஈரம் தங்கக் கூடாது. ஒரு வண்டு உயிரோடு போனால் அந்தக் கரையில் மொத்தப் பெட்டியையும் அழித்துவிடுவார்கள். பெரிய கம்பெனிக்கு அது ஒரு பெட்டி. அந்தப் பெண்ணுக்கு அது அந்த வருடமே. சின்ன ஏற்றுமதியாளரின் காகிதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று என் ஆபீஸ் பையன்களுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

காகிதம் என்றதும் நினைவு வருகிறது. நான் சேர்ந்தபோது ஷிப்பிங் பில்லைக் கார்பன் வைத்துத் தட்டச்சு செய்வோம். ஃபைல் மேசை மேசையாகக் கையிலேயே போகும். எந்த மேசையில் நிற்கிறது என்று தேடுவதே பாதி வேலை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, 2017இல் தொழிற்சாலையிலேயே மின்னணு சீல் வைக்கும் முறை வந்தது. நல்ல மாற்றங்கள், கட்சி சார்பில்லாமல் சொல்கிறேன். ஆனால் அதே 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சின்னவர்கள் பட்ட பாடு பெரிது. ஏற்றுமதியில் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. திரும்பி வர வேண்டும். ஷிப்பிங் பில்லில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் ஜி.எஸ்.டி. கணக்கில் உள்ள எண்ணும் ஒரு கோடு, ஒரு பூஜ்யம் மாறினாலும் ‘எஸ்.பி. 005’ என்று பிழை காட்டிப் பணம் நின்றுவிடும். கையில் இருந்த முதலே அந்தப் பணம்தான். மாதக்கணக்கில் அது வராமல், நகையை அடகு வைத்துக் கூலி கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நாங்கள் பழைய பில்களை எடுத்து ஒவ்வொரு எண்ணாகச் சரி பார்த்துக் கொடுத்தோம். அதற்குக் கட்டணம் கேட்க மனம் வரவில்லை.

2018ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் இருந்த தாமிர ஆலைக்கு எதிராக நடந்த போராட்டத்தில் மே 22ஆம் தேதி துப்பாக்கிச்சூடு நடந்தது. 13 பேர் இறந்தார்கள். ஆலை மூடப்பட்டது. தாமிரத் தாதுக் கப்பல் நின்றது, அமில டேங்கர்கள் நின்றன, கடன் வாங்கி லாரி எடுத்தவர்கள் திண்டாடினார்கள். என் தொழில் நண்பர்கள் பலர் அந்த நஷ்டத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊரில் பிள்ளைகள் மூச்சு விடுவதைப் பற்றித் தாய்மார்கள் கேட்ட கேள்விக்கு டன் கணக்கில் பதில் சொல்ல முடியாது. துறைமுகம் ஊருக்காக இருக்கிறது. லாரிக்காரருக்கு மாற்று வேலை காட்டுவது அரசின் பொறுப்பு. அதை அன்றைக்கே செய்திருக்க வேண்டும்.

கொழும்பை நம்பியிருப்பதன் ஆபத்து 2020 கடைசியில் தெரிந்தது. கொரோனாவால் அங்கே துறைமுகத்தில் ஆளில்லாமல் பெட்டிகள் தேங்கின; இங்கிருந்து போக வேண்டியவை வாரக்கணக்கில் நின்றன. அடுத்த ஆண்டு காலிப் பெட்டியே கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கப்பல் கூலி பல மடங்கு. பெரிய ஏற்றுமதியாளர் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு இடம் பிடித்துக்கொண்டார். மாதம் ஒரு பெட்டி அனுப்புகிறவர் குடோனில் சரக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இன்னொரு அடி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்து ஊருக்குள் வெள்ளம் வந்தது, திருநெல்வேலிச் சாலை துண்டானது. உப்பளங்களில் குவித்திருந்த உப்பு கரைந்து போனது. கப்பல் நிற்க இடம் இருந்தது. கப்பலுக்குச் சரக்கு வரச் சாலை இல்லை. துறைமுகத்துக்குள் எவ்வளவு கோடி கொட்டினாலும், மழைநீர் வடிகாலும் சாலையும் சரியில்லாவிட்டால் பயனில்லை.

2024 பிப்ரவரி 28ஆம் தேதி வெளித்துறைமுகக் கன்டெய்னர் முனையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்; 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திட்டம். அது முடிந்தால் தாய்க்கப்பலே இங்கு வரும், கொழும்பில் பெட்டி மாற்ற வேண்டியிருக்காது. பக்கத்தில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுவிட்டது. போட்டி கடுமையாக இருக்கும். திட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

அதைத் திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழுப் பெட்டி நிரப்ப முடியாத சின்ன ஏற்றுமதியாளர்கள் பலர் சேர்ந்து ஒரே பெட்டியில் அனுப்பக் குறைந்த வாடகையில் குடோன் வசதியும், புகை போடுவதற்கும் தாவரச் சான்றுக்கும் அங்கேயே ஒரு கூடமும் தொடக்கத்திலேயே வரைபடத்தில் இருக்கட்டும். பழைய துறைமுகத்தில் தோணிகள் அணையும் கரையைத் தூர் வாருங்கள். மாலேக்கு வெங்காயம் இன்றைக்கும் அங்கிருந்துதான் போகிறது. ஆண்டறிக்கையில் டன்னுக்கும் பெட்டிக்கும் பக்கத்தில், எந்தச் சரக்கால் இந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு வேலை என்று ஒரு பத்தியைச் சேருங்கள். துறைமுக ஆலோசனைக் கூட்டங்களுக்குக் கப்பல் கம்பெனிகளை அழைக்கிற அதே கடிதத்தை உலர் மலர்க் கூடம் நடத்தும் பெண்களுக்கும் தண்டல்களுக்கும் அனுப்புங்கள்.